பச்சைப் புளியங்கட்டை

போன மாதம் நம் மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "அந்த டிரைவர் குடிச்சிருந்தான்" என்று சொன்ன கௌரவத் தலைவர் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேலாக இதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கூட்டத்துக்கு வந்திருந்த இளைய மெக்கானிக்குகள் நீங்கள் கைதட்டினீர்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை, கமான் வேலை சுத்தமாக இருந்தது, குடிகார டிரைவர்தான் லாரியைக் கவிழ்த்து ஓர் ஆளைக் கொன்றான், ஆகவே தொழில்காரன் பயப்பட வேண்டியது டிரைவருக்குத்தான் என்று அவர் சொன்னது உங்களுக்கு இனித்தது. நம் மேல் பழி இல்லை என்றால் யாருக்குத்தான் இனிக்காது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இனிக்கவில்லை. அந்தக் கமானில் கை வைத்தவன் நான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் போகிற ரோட்டில் முப்பத்தெட்டு வருஷம் கமான் பட்டறை வைத்திருந்தேன். நீங்கள் சஸ்பென்ஷன் என்கிறீர்கள். நாங்கள் கமான் என்போம். இரும்புப் பட்டைகளை வில் மாதிரி வளைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அச்சோடு யூ போல்ட் போட்டு இறுக்குகிற வேலை. இப்போது முட்டி போய்விட்டது. பட்டறையை மூடிவிட்டேன். பேசத் தெரியாதவன் என்பதால் எந்த மேடையிலும் என்னை ஏற்றியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த லாரி கௌரவத் தலைவருடையது. அப்போது அவர் தலைவர் இல்லை, மூன்று லாரிக்கு முதலாளி. அதில் பழைய லாரி ஒன்று கல்வராயன் மலைக்கு ஓடியது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மரவள்ளி, புளி, கடுக்காய் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கீழே வரும். அதை ஓட்டியவர் வெள்ளையன். மலையில் பிறந்தவர். அவர் குக்கிராமத்தில் லாரி ஓட்ட லைசென்ஸ் எடுத்த முதல் ஆள். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் வெள்ளையன் பட்டறைக்கு வந்து லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு சொன்னார்.

"அண்ணே, வண்டி சொன்ன பேச்சு கேக்கல. வளைவுல பின்பக்கம் என்னை முந்திக்கினு போவப் பாக்குது. முன்பக்கம் தொங்கிப்போச்சி. ஸ்டேரிங்கைக் கொஞ்சம் விட்டா எங்கியோ போவுது. லோடு ஏத்தறதுக்கு பண்ணாத. ரோட்டப் புடிச்சிக்கினு ஓடணும், அதுக்குப் பண்ணு."

இந்தப் பேச்சை எழுதி உங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். இன்றைக்கு ஹேண்ட்லிங், ஹேண்ட்லிங் என்கிறீர்களே, அதை அன்றைக்கே இவ்வளவு தெளிவாகக் கேட்டவர் அவர். என் தொழிலில் நூறு முதலாளிகள் இன்னும் ரெண்டு பட்டை ஏற்று என்று கேட்டிருக்கிறார்கள். ரோட்டைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரும் டிரைவர்கள்.

நான் படுத்துப் பார்த்தேன். முன் கமானில் பட்டைகள் களைத்துப் போயிருந்தன. பட்டை முனைகளில் இருக்கிற புஷ் எல்லாம் தேய்ந்திருந்தது. குலுக்கலை அடக்க ஷாக் இருந்தது, பேருக்குத்தான் இருந்தது. பின்பக்கம் யாரோ தடித்த பட்டைகளைத் திணித்து வைத்திருந்தார்கள். லோடு இல்லாதபோது அது வளையவே வளையாது. சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. முன்பக்கத்தைப் புதுப்பித்து நிமிர்த்த வேண்டும். பின்பக்கத் தடித்த பட்டைகளை எடுத்துவிட்டு மெல்லிய பட்டைகளை எண்ணிக்கை கூட்டி அடுக்க வேண்டும். நாலு ஷாக்கும் மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வண்டி உட்கார வேண்டும். நாலு நாள் வேலை. வெள்ளையன் கேட்டுக்கொண்டு தலையாட்டினார். முதலாளியிடம் சொல்லிவிட்டு வருவதாகப் போனார்.

மறுநாள் முதலாளியே வந்தார். அவர் வந்தது தாழ்த்தச் சொல்ல அல்ல.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த சமயம். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சில இடத்தில் ரோட்டையே பள்ளம் பறித்துவிட்டார்கள். பஸ் நின்றுபோனது. லாரிகள் வயலுக்குள் இறங்கி, வரப்பு மேல் ஏறி, வாய்க்காலைத் தாண்டி ஓடின. அந்தப் போராட்டம் சரியா தப்பா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கோரிக்கை நியாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் மாமன் மச்சான்கள் கோடாலி எடுத்தார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பெரிய மரம் சாய்ந்தபோது கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

முதலாளிக்கு என்ன வேண்டும் என்றால், லாரியின் வயிறு எங்கேயும் தட்டக் கூடாது. சாய்ந்த மரத்தின் கிளை மேலேயே ஏறிப் போக வேண்டும். பின் அச்சுக்கும் கமானுக்கும் நடுவில் கட்டை கொடுத்து அரைச் சாண் தூக்கு என்றார். இரும்புக் கட்டை சேலத்திலிருந்து வர வேண்டும், ரோடு திறந்தால்தான் வரும் என்றேன்.

"யோவ் மேஸ்திரி, ஊரு பூரா மரத்த வெட்டிப் போட்டுட்டு கட்டை இல்லன்ற. ரோட்டுல கெடக்கறது இன்னா, கரும்பா?" என்றார்.

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு போய், நான் கயிறு பிடித்துச் சாய்த்த அதே மரத்தில், வைரம் பாய்ந்த பாகமாகப் பார்த்து இரண்டு கட்டை அறுத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே நிறுத்திப் படியுங்கள். வெட்டி ஒரு வாரம் ஆகாத மரம். புளியமரம் கல் மாதிரி இருக்கும், நசுங்காது. ஆனால் பச்சை மரம் காய்ந்தால் சுருங்கும். கட்டை சுருங்கினால் அதன் மேல் இறுக்கிய யூ போல்ட் தொளதொளவென்று ஆகும். யூ போல்ட் தளர்ந்தால் அச்சு தன் இடத்தில் நிற்காது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

வேறு தப்பும் இருந்தது. பின்பக்கத்தை மட்டும் தூக்கி முன்பக்கத்தை அப்படியே விட்டால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். ஸ்டேரிங் நேராக நிற்காது. லோடு உயரம் கூடும். வளைவில் சாயும். வெள்ளையன் என்ன குறை சொன்னாரோ அந்தக் குறையை நான் இரண்டு மடங்கு ஆக்கிக் கொடுத்தேன். முதலாளியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். ஒரு வாரத்தில் வண்டியைக் கொண்டுவர வேண்டும், யூ போல்ட்டைத் திரும்ப முறுக்க வேண்டும். கட்டாயம். அவர் சரி சரி என்றார்.

எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. கமானில் கை வைத்தவன் முதல் ஓட்டத்தில் லாரியில் ஏற வேண்டும். கேபினில் இல்லை. பின்னால் பாடியில், அச்சுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, ஒரு கரும்பு லாரியில் முதலாளி சொன்னார் என்று மூன்று பட்டை கூடுதலாக ஏற்றினார். ஏறி ஒரு மைல் போய்விட்டு இறங்கி வந்து, அதே நிமிஷம் மூன்றையும் உருவிப் போட்டார். முதலாளி கத்தினார். "நீ போய் பின்னால ஒக்காரு. எலும்பு எண்ணிக்கினு வா. அப்பறம் போடறேன்" என்றார் மேஸ்திரி. முதலாளி ஏறவில்லை, பட்டையும் ஏறவில்லை.

இப்போது உங்களில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள்? பிக்கப் வண்டியைத் தூக்கிவிட்டு, பெரிய டயர் போட்டு, அது மேட்டில் ஏறுவதை எதிரே நின்று வீடியோ எடுக்கிறீர்கள். பின்னால் உட்கார்ந்து இறக்கத்தில் வந்து பாருங்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான்.

அந்த லாரியில் நான் ஏறினேன். ஆனால் வெறும் வண்டியில், சமதரையில், கோமுகி அணை வரைக்கும்தான். அங்கேயே தெரிந்துவிட்டது. இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் பின்பாதி ஒரு நொடி கழித்துத்தான் கூட வந்தது. வெள்ளையன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாண்ணே, தொட்டில்ல போட்டு ஆட்டினாப்ல இருக்குதா?"

முறுக்கும்போது சரி பண்ணிவிடலாம் என்றேன். அது பொய். முறுக்கினால் தளர்வுதான் போகும், ஆட்டம் போகாது. மலையில் ஏறி உட்கார்ந்து பார்க்க நான் போகவில்லை.

எட்டாவது நாள் காலை பத்து மணி வாக்கில் வெள்ளையன் லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவராகவே கொண்டுவந்தார். யாரும் நினைவுபடுத்தவில்லை. நான் ஒரு வாரத்தில் கொண்டுவா என்று சொன்னது முதலாளிக்கு மறந்துபோயிருந்தது, டிரைவருக்கு மறக்கவில்லை. இரண்டு பேரும் டீ குடித்தோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம். அவர் வாயில் டீ வாடையைத் தவிர வேறு வாடை இல்லை. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன். சொல்ல வேண்டிய கோர்ட்டில் சொல்லவில்லை. அதற்கு வருகிறேன்.

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே படுக்கப் போகும்போது முதலாளி புல்லட்டில் வந்து இறங்கினார். போராட்டத்தில் அன்றைக்கு ஒருநாள் இடைவெளி. மரங்களை நகர்த்தி வழி விட்டிருந்தார்கள். மறுநாள் திரும்ப மறியல் என்று பேச்சு. மலையில் பிடுங்கிப் போட்ட மரவள்ளி கறுத்துக்கொண்டிருக்கிறது, உடனே போ என்று வெள்ளையனை விரட்டினார். அரை மணி நேரம் கொடுங்கள், முறுக்கிவிடுகிறேன் என்று நான் சொன்னேன்.

"ரோடு தெறந்திருக்கறது இன்னிக்கி ஒருநாளு. அதுல அரை மணி நேரம் உனக்குக் குடுத்துட்டு நான் இன்னா பண்றது? போய்ட்டு வந்து முறுக்கிக்க. கட்டை எங்கயும் ஓடிப்போவாது."

வெள்ளையன் என்னைத்தான் பார்த்தார். முதலாளியைப் பார்க்கவில்லை. மேஸ்திரி வேண்டாம் என்று சொன்னால் டிரைவர் வண்டி எடுக்க மாட்டார். அன்றைக்கு அதுதான் எங்கள் தொழிலில் முறை. எடுக்காதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஸ்பேனரைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாலே போதும். நான் வைத்தேன்.

"போய்ட்டு வா. மொள்ளமா எறக்கு. வந்ததும் முறுக்கிடலாம்" என்றேன்.

"அப்ப நீயும் ஏறு. பின்னால ஒக்காந்து பாத்துக்கினு வா" என்றார் வெள்ளையன்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் ஆட்களின் கூட்டம் இருந்தது, நான் போக வேண்டும் என்று சொன்னேன். வெள்ளையன் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"ரோட்ட மறிக்கறதும் நீ, மறிச்ச ரோட்டுல போவ வண்டிய ஒசத்தறதும் நீ. எந்த வண்டியிலதான்ணே ஏறுவ நீ?"

அதுதான் அவர் என்னிடம் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு.

பஸ் இல்லாத சமயம் என்பதால் திரும்பி வரும்போது மரவள்ளி மூட்டைகள் மேல் ஆட்களும் ஏறியிருந்தார்கள். அதில் மாரி என்று ஓர் ஆள், இருபத்திரண்டு வயது, வெள்ளையனின் ஊர். பத்தாவது படித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டிருந்தார். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத்தான் கீழே இறங்கினார். கீழே நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்டு ரோட்டில் நின்றோம். அவர் தன் வேலைக்கான காகிதத்துக்காக அந்த ரோட்டில் வந்தார். பாதி மலை இறங்கியதும் ஒரு வளைவில் பின் அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்தது. ஸ்டேரிங் ஒரு பக்கமும் பின்சக்கரம் ஒரு பக்கமும் இழுக்க, லாரி பக்கவாட்டில் படுத்தது. பள்ளத்தில் உருளாமல் பாறைப் பக்கமாக ஒடித்தவர் வெள்ளையன். அதனால் பத்துப் பேருக்கு மேல் பிழைத்தார்கள். மாரி மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டார். வெள்ளையனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் விடிந்ததும் முதலாளி ஜீப்பில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். லாரி படுத்துக் கிடந்த இடத்தில் மரவள்ளி சிதறிக் கிடந்தது. நான் குனிந்து வலது பக்க யூ போல்ட்டின் நட்டைத் தொட்டேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலாலேயே சுற்றியது. சைக்கிள் மணி மூடி மாதிரி சுற்றியது.

தொழிலில் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன். அந்த நட்டு விரலில் சுற்றியதை மட்டும் மறக்க முடியவில்லை.

விபத்து வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கட்டைகளை எடுத்துவிட்டு, பழைய யூ போல்ட் போட்டு, கமானை அச்சோடு சேர்த்துவிடு என்றார் முதலாளி. நான் முடியாது என்றேன். உண்மையாகவே சொன்னேன். அப்போது அவர் சொன்னதை அவர் மறந்திருக்க மாட்டார்.

"நான் இன்னா, எனக்காகவா சொல்றேன்? அது சர்க்காரு மரம். வெட்டினவனையெல்லாம் புடிச்சி உள்ள போட்டுக்கினு இருக்கான். அந்த மரத்துல கட்டை அறுத்து வண்டியில வெச்சவன் நீ. இன்ஸ்பெக்டரு கேட்டா இன்னா சொல்லுவ? கொல கேசும் உம்மேல, மரம் வெட்டின கேசும் உம்மேல. உன் மச்சானுங்க பேரையும் நீதான் சொல்லணும்."

எனக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். மச்சான்கள் ஏற்கனவே வீட்டில் தங்காமல் கரும்புக் கொல்லையில் ஒளிந்துகொண்டிருந்தார்கள். நான் ஜாக்கியை எடுத்தேன். இரண்டு கட்டைகளையும் என் கையாலேயே உருவினேன். ஒன்றை முதலாளி பள்ளத்தில் வீசினார். இரண்டாவதை வீசுவதற்குள் ஜீப் டிரைவர் கூப்பிட்டதால் அவர் திரும்பினார். நான் அதைச் சாக்கில் ஸ்பேனர்களோடு போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது. இப்போதும் என் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. யூ போல்ட் கடித்த தடம் இரண்டு பக்கமும் பள்ளமாக இருக்கிறது. அறுத்த அளவை விட ஒரு விரற்கடை சுருங்கியிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். வண்டியில் குறையில்லை என்று எழுதினார். அவர் கண்ணுக்கு முன்னால் குறை இல்லை, என்ன எழுதுவார். குறை வண்டியில் இல்லை என்றால் டிரைவரிடம் இருக்க வேண்டும். அப்போதுதான் முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். குடித்திருந்தான். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மலைக்காரன் என்றால் சாராயம் என்று கீழே இருக்கிற எங்களுக்கு ஒரு நினைப்பு. கீழே உள்ள ஊர் டிரைவர் ஒருவனைப் பற்றி இதையே சொல்லியிருந்தால் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். வெள்ளையனைப் பற்றிச் சொன்னபோது ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அந்தப் பொய் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்துதான் முதலாளி அதைத் தேர்ந்தெடுத்தார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளையனைப் பார்க்க ஒரே ஒரு முறை போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். தான் குடித்திருந்ததாகச் சொல்கிறார்களே என்று அவர் அழவில்லை, திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"கட்டை இன்னா ஆச்சிண்ணே?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேஸ் நடந்தது. ஜெயில் கிடைத்தது. லைசென்ஸ் போனது. கமான் மேஸ்திரி என்று என்னைக் கோர்ட்டில் கூப்பிடவும் இல்லை, நான் போய் நிற்கவும் இல்லை.

அதன் பிறகு என் பட்டறையில் மரக்கட்டை வைக்கவில்லை. பின்பக்கத்தை மட்டும் தூக்கச் சொல்லி வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினேன். வேலை குறைந்தது. கிறுக்கு மேஸ்திரி என்று பேர் வந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒருவன் வாழ்க்கையை முடித்துவிட்டு அப்புறம் ஒழுங்காக வேலை செய்வதில் என்ன பெருமை இருக்கிறது. நீங்கள் முன்னாலேயே செய்யுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு வண்டி ரோட்டை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் அதில் தேய்ந்து கிடப்பதை மாற்றுங்கள். பிறகு முன்னையும் பின்னையும் சேர்த்துப் பாருங்கள். தாழ்வாக வையுங்கள். முறுக்கிய நட்டைத் திரும்ப முறுக்காமல் வண்டியை விடாதீர்கள். முதலாளி நிற்கிறார், ரோடு மூடப்போகிறது, லோடு அழுகுகிறது, எதுவாக இருந்தாலும் சரி. வண்டி யாருடையது என்று பார்க்காதீர்கள், அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள்.

ஆண்டுக் கூட்டம் முடிந்த மறுநாள் நான் பஸ் ஏறி மலைக்குப் போனேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. வெள்ளையன் வீட்டுக்கு வழி கேட்டபோது ஒரு ஆள், "யாரு, குடிச்சிட்டு மாரிய சாவடிச்சாரே, அவரா?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு முப்பது வயது கூட இருக்காது. அவர் பிறப்பதற்கு முன்னால் சொன்ன பொய் அவர் வாயில் வழி சொல்கிற அடையாளமாக இருந்தது.

வெள்ளையன் மரவள்ளிக் கொல்லையில் இருந்தார். கால் இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார். மாரியின் அம்மா அடுத்த தெருவில் இருக்கிறார். இத்தனை வருஷமாக அந்த அம்மா இவரிடம் பேசியதில்லை, இவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்ததில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையை உருவியது, சாக்கில் போட்டது, தெரியாது என்று சொன்னது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். முடித்ததும் மன்னித்துக்கொள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்றியே, எனக்குத் தெரியாததா இது? நான்தான ஓட்டினேன். தெரியாதவங்கிட்டப் போய் சொல்லு. அந்தம்மாகிட்ட நான் சொன்னா நம்புமா? ஒன்னப்போல ஆளு சொல்லணும். அந்த மொதலாளி சொல்லணும்."

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

நான் அந்த அம்மாவிடம் போனேன். சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். நீ சொல்லிவிட்டாய், வண்டி முதலாளி என்ன சொல்கிறார் என்று கேட்டார். அந்தப் பதில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது.

ஆகவே கௌரவத் தலைவரே, உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுந்து பேசும்போது நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். என் பங்கை நான் எழுதிவிட்டேன், சங்கத்துக்குக் கொடுத்த தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மரம் வெட்டிய கேசோ, தடயத்தை மறைத்த கேசோ, எது வேண்டுமானாலும் என் மேல் வரட்டும். வருகிற பொதுக்கூட்டத்துக்கு நான் வருவேன். கட்டையைக் கொண்டுவந்து உங்கள் மாலைக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைப்பேன். கூட்டத்துக்கு வருகிற இளைய மெக்கானிக்குகள் ஒவ்வொருவரும் அதைக் கையில் எடுத்து, யூ போல்ட் தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். பேச்சு முடியும் வரை யாரும் கைதட்டாதீர்கள்.

மாரியின் அம்மாவை முன்வரிசையில் உட்காரவைக்கப் போகிறேன். வயதாகிவிட்டது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். வெள்ளையன் வருவாரா என்று தெரியாது. வந்தால் அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு.

அதே மேடையில், அதே மைக்கில், இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். பச்சைக் கட்டையை வைக்கச் சொன்னது யார்? அரை மணி நேரம் தர மாட்டேன் என்றது யார்? வெள்ளையன் குடித்ததை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?